கார்டில் இருப்பவர், வீட்டில் இருப்பவர்

ஜூன் 2, ஞாயிறு

டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக எடை மேடை அறையில் சீட்டுக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. ஆவணியில் எனக்குக் கல்யாணம்.

பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்தாறு. தாராபுரம் புறவழிச் சாலையில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலை. மனைவி காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பெண் எதிர் வீட்டு வசந்தாமணி. அவருக்கு நாற்பத்தொன்பது. இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் இறந்த பிறகு இந்த மாவை விற்றே ஒரே மகள் கோகிலவாணியைப் படிக்க வைத்து ஈரோட்டில் கட்டிக் கொடுத்தவர். ஆறு வருடமாக எனக்கு இரவுச் சாப்பாடு அவர் வீட்டில்தான். மாதம் இரண்டாயிரம் கொடுத்துவிடுவேன்.

தை மாதம் ஒரு நாள், ரசம் ஊற்றும்போது கேட்டேன். ஊற்றி முடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றனுங்" என்றார். நான்கு நாள் கழித்து, "சரிங்" என்றார். அன்றே மகளுக்குப் போனில் சொன்னார். அதிலிருந்து மகள் இவர் போனை எடுப்பதில்லை.

இன்று கிரைண்டருக்குப் பெல்ட் மாற்றிக் கொடுத்தேன். மாவு வாளியைத் தூக்கி வந்தவர் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றார். வெயில் கடுமை.

ஜூன் 6, வியாழன்

லாரி இருபத்தெட்டு. மக்காச்சோளம் வர ஆரம்பித்துவிட்டது. இரவு தக்காளிக் குழம்பு. வசந்தாமணி இரண்டு தலையணை வைத்துப் படுப்பதாகச் சொன்னார். புதுத் தலையணை ஒன்று வாங்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

காலையில் மாவு வாங்க வந்த பெண்தான் எடை மேடைக்கு ஓடி வந்து சொன்னாள். வசந்தாமணி கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் இருந்தார். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பையன் மாதிரி இருந்தார். ஆனால் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்ததா என்றார்.

"வந்துச்சுங். நாலாவது படிக்கறப்ப. ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகல."

அந்தக் காய்ச்சல்தான் இதயத்தின் வால்வைத் தொட்டிருக்கும், கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எத்தனை மாதமாக என்று கேட்டார்.

"தீபாவளிக்கு முன்னாடி இருந்துங்" என்றார் வசந்தாமணி.

எட்டு மாதம். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

கோயம்புத்தூர். வால்வு சுருங்கிக் கெட்டியாகிவிட்டதாம். மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். மூன்றேகால் லட்சம் ஆகும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் செய்துவிடலாம்.

காப்பீட்டு மேசையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். குடும்பத்தின் வருட வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். ரேஷன் கார்டை வைத்துத்தான் குடும்பம் யார் யார் என்று பார்ப்பார்கள்.

"அவங்க புருசன் இருந்தா?" என்று கேட்டேன்.

"அவரு சம்பளமும் சேருமுங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

வசந்தாமணி என்னைப் பார்த்தார். "எதிர் வீடுங்க" என்றேன்.

பஸ்ஸில் மனக்கணக்குப் போட்டேன். என் சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு. வருடத்துக்கு ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம். நான் ஒருவனே போதும், வரம்பைத் தாண்டிவிட. வழியில் பஸ் நின்றபோது அவர் கொய்யாப்பழம் வாங்கினார். நல்ல பழம்.

ஜூன் 20, வியாழன்

முதலாளியிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளத்தை ஐயாயிரமாகக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் சம்பளத்தைப் பற்றி வாயைத் திறந்தது இதுதான் இரண்டாவது தடவை.

"ஏப்பா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்றார்.

விவரம் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சம்பளத்தக் கொறச்சுட்டு நீ அந்தம்மாளுக்கு எதுல கஞ்சி ஊத்துவ? போய் வேலையப் பாரு" என்றார். அதுவும் சரிதான்.

ஜூன் 21, வெள்ளி

சாப்பாடு ஆனதும் வசந்தாமணி சொன்னார்: "கல்யாணத்த இப்பத்திக்கு விட்டுப்போடலாமுங்."

"சரிங்" என்றேன்.

இன்று எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

வி.ஏ.ஓ. அலுவலகம். போன வருடம் வந்த புது அம்மணி. எழிலரசி என்று மேசையில் பலகை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு காகிதத்தையும் படித்துப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எடை போடுகிறவனுக்கு அவசரப்படாதவர்களைப் பிடிக்கும்.

ரேஷன் கார்டில் இரண்டு பெயர். வசந்தாமணி, மகள் கோகிலவாணி.

"பொண்ணு என்ன பண்றாங்க?"

"ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில லேப்ல இருக்குதுங். கட்டிக் குடுத்து மூணு வருசமாச்சு."

"சம்பளம்?"

"பதினேழாயிரம்னு சொன்னாப்புல ஞாபகமுங்."

அம்மணி பேனாவை வைத்துவிட்டார். "பேரு இங்க இருக்குதுங்களே. கார்டுல இருக்கற வரைக்கும் அவங்க வருமானமும் உங்க வருமானம்தான்."

"மேடம், அந்தப் பொண்ணு மூணு வருசமா இந்த ஊட்டுல ஒரு வேளை அரிசி திங்கலைங்க" என்றேன் நான்.

"நீங்க யாருங்க?"

இந்த முறை வசந்தாமணி முந்திக்கொண்டார். "நான் கட்டிக்கப் போறவருங். இந்த ஒடம்பு விசயம் முடியட்டும்னு தள்ளி வெச்சிருக்கறம்." பிறகு, கேட்காமலே, நான் இரவு அங்கே சாப்பிடுவதையும் சொன்னார்.

அம்மணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கார்டுல இருக்கறவங்க வீட்டுல இல்ல. வீட்டுல இருக்கறவரு கார்டுல இல்ல. நான் யாரை எண்ணறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

முதலில் மகள் பெயரை நீக்கிவிட்டு வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் நின்றிருந்த ஒரு ஆள், ஆயிரத்து ஐநூறு கொடுத்தால் இதெல்லாம் இல்லாமல் முடித்துத் தருவதாகச் சொன்னான். வசந்தாமணி நின்று, "நெஞ்சுக்குள்ள வெக்கப் போற பொருளுங்க. திருட்டுச் சீட்டுல வாங்கி வெச்சா ஓடுமா?" என்று அவனிடமே கேட்டார்.

ஜூலை 1, திங்கள்

தப்பு செய்துவிட்டேன். அதை எழுதிவிட வேண்டும்.

மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு அப்புறம் போகலாம் என்று வசந்தாமணி சொல்லியிருந்தார். இரண்டு நாளாகக் கூப்பிட்டும் மகள் போன் எடுக்கவில்லை. அவர் உடம்பு எப்படி என்பது மகளுக்குத் தெரியாது, சொல்லவும் இவருக்கு மனமில்லை. "கெஞ்சிக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்" என்கிறார். நான்தான் நாள் போகிறதே என்று இன்று மதியம் கார்டை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் பெயர் நீக்கம் என்று அழுத்தினாள். "ஓ.டி.பி. சொல்லுங்க" என்றாள். வசந்தாமணியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன், அவர் போனுக்கு ஒன்றும் வரவில்லை. கார்டு புதுசு பண்ணும்போது கோகிலவாணிதான் எல்லாம் செய்திருக்கிறாள். அவளுடைய நம்பர்தான் பதிவாகியிருக்கிறது.

ஆறு மாதமாகப் பேசாத மகளின் போனுக்கு, அவள் பெயரைக் கார்டிலிருந்து எடுப்பதற்கான எண் போயிருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் வசந்தாமணிக்குப் போன் வந்தது. நான் மையத்திலிருந்து திரும்பி வரும்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. "என்ற பேர எடுத்துப்போட்டு அந்தாளு பேரச் சேக்கறீங்ளா? சேத்துக்கோங்க. நல்லா சேத்துக்கோங்க."

வசந்தாமணி போனை இடுப்பில் செருகிக்கொண்டார். உளுந்து ஊற வைக்கப் போய்விட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூலை 3, புதன்

மாவு வாளிகளை இப்போது நான்தான் தூக்குகிறேன். காலை ஐந்தரைக்குப் போய் அரிசி களைந்து கொடுத்துவிட்டு வேலைக்கு வருகிறேன். மாவு பதமாக வர உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். வசந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஜூலை 7, ஞாயிறு

ஈரோடு போய் வந்தேன். சேலம் மாமன் மகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

கோகிலவாணி வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் கேன்டீனில் பேசினோம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். அம்மா மாதிரியே புருவம். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மணி, நான் உங்கம்மாகிட்டச் சொல்லாமத்தான் வந்தேன். அன்னிக்கு அந்த மெசேஜு வந்தது என்ற அவசரத்துல. உங்கம்மா மேல தப்பில்ல" என்றேன்.

"எதுக்கு எம் பேர எடுக்கறீங்க?"

பையிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு வரி புரியாது. அவளுக்குப் புரிந்தது. முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"பத்தொம்பதாந் தேதி."

"வால்வோட அளவு நாலுக்கு மேல இருக்கோணும். முக்கால்தான் இருக்குது. இத்தனை நாளு எங்கம்மா கிரைண்டர் கல்லத் தூக்கிட்டு இருந்தாங்களா?"

"ஆமாங் அம்மணி."

"நீங்க தெனமும் அங்கதான சோறு திங்கறீங்க? பாக்கலையா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது.

காப்பீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சம்பளம் சேர்ந்தால் வரம்பு தாண்டும் என்பதையும், என்னுடையது சேர்ந்தாலும் தாண்டும் என்பதால் என் பெயரைச் சேர்க்கவே போவதில்லை, கல்யாணமே தள்ளிப் போட்டாயிற்று என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மூணு வருசமா எங்க மாமியார் கேக்கறாங்க, பேர இங்க மாத்துன்னு. நாந்தான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டு வர்றேன். அந்தக் கார்டுல பேரு இருக்கற வரைக்கும் அது என்ற ஊடு. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

வேறு சில பேச்சும் நடந்தது. அதை எழுதவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. காற்றில் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தாராபுரம் வரும் வரை போகவில்லை.

ஜூலை 8, திங்கள்

காலை ஏழு மணிக்கே கோகிலவாணி வந்து இறங்கினாள். நான் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள். கதவு சாத்தவில்லை, ஆனால் நான் எடை மேடைக்கு வந்துவிட்டேன்.

மதியம் கல்யாணச் சான்றிதழ் நகலோடு அவளே இ-சேவை மையத்துக்குப் போய், தன் போனுக்கு வந்த எண்ணைத் தானே சொல்லி, பெயரை நீக்க மனு போட்டிருக்கிறாள். சாயங்காலம் பஸ் ஏறும் முன் எடை மேடைப் பக்கம் வந்தாள். "அம்மாவுக்கு உப்பு கொறச்சலாப் போடச் சொல்லுங்க. ஊறுகாய எடுத்து ஒளிச்சு வெய்யுங்க" என்றாள். அதோடு போய்விட்டாள்.

சேலம் மாமன் மகன் எப்படி இருக்கிறார் என்று வசந்தாமணி இரவு கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். "ஈரோட்டு வழியாத்தான் போனீங்களா?" என்று கேட்டு, இன்னொரு தோசை வைத்தார்.

ஜூலை 9, செவ்வாய்

ஊறுகாய் ஜாடி என் வீட்டில்.

ஜூலை 19, வெள்ளி

கார்டில் இப்போது ஒரே பெயர். வி.ஏ.ஓ. அம்மணி இன்று விசாரணைக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது வசந்தாமணி வீட்டுக் கொடியில் காய்ந்த என் சட்டை. என் வீட்டில் வெயில் விழாது, அதனால் அங்கே காயப்போடுவது. விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது.

அம்மணி என் வீட்டுக்கும் வந்து பார்த்தார். கட்டில், ஸ்டவ், டீ போடும் பாத்திரம், வாடகை ரசீது. "தனி வீடு, தனி அடுப்பு" என்று எழுதிக்கொண்டார். பிறகு அங்கே போய் மாவுக் கணக்கைக் கேட்டார். இந்த அம்மாளின் வருமானத்தை இத்தனை கவனமாக யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?"

"பதினஞ்சுங். மழை நாள்ல பத்துத்தான் போகும்."

"கிலோ நாப்பதா? அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் போக?"

"இரநூறு, இரநூத்தி இருவது நிக்குமுங்."

"லீவு விடுவீங்களா?"

"அம்மாவாசைக்கு விடமாட்டனுங். அன்னிக்குத்தான் நல்லா போகும்."

மாதம் ஆறாயிரத்து ஐநூறு என்று எழுதினார். வருடத்துக்கு எழுபத்தெட்டாயிரம். "வேற வருமானம் எதும்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இவரு சாப்பாட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் குடுப்பாருங்" என்றார் வசந்தாமணி.

அம்மணி என்னைப் பார்த்தார். "அதும் வருமானம்தாங்க" என்று இருபத்து நாலாயிரம் சேர்த்தார். மொத்தம் ஒரு லட்சத்து இரண்டாயிரம். பதினெட்டாயிரத்தில் தப்பித்தோம். நான் மாதம் மூவாயிரத்து ஐநூறு கொடுத்துச் சாப்பிட்டிருந்தால் வரம்பிலேயே போய் நின்றிருப்போம். இத்தனை வருடம் விலையை ஏற்றாமல் வைத்திருந்ததற்கு வசந்தாமணிக்கு நன்றி சொன்னேன்.

அம்மணி ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டார். இலவசமாகக் கொடுத்ததை வாங்கவில்லை. நாற்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வருமானச் சான்று கைக்கு வந்தது. நேற்று முன்தினமே செல்லுக்கு மெசேஜ் வந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருப்பூர் கலெக்டர் அலுவலகம். காப்பீட்டுப் பிரிவில் வரிசை. போட்டோ எடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள். முப்பது வருடம் மாவில் கை வைத்ததில் ரேகை தேய்ந்து, கருவி நாலு தடவை மறுத்தது. ஐந்தாவது தடவை இடது கை விரலில் ஏற்றுக்கொண்டது.

குடும்ப உறுப்பினர்கள் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா இருக்குதுங்களா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"இல்லீங் கண்ணு. சரியாத்தான் இருக்குது."

வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றுதான் எங்கள் முகூர்த்தமாக இருந்திருக்கும். லாரி முப்பத்திரண்டு. நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை.

வசந்தாமணி கொஞ்சம் சேமியா பாயசம் வைத்திருந்தார். எதற்கு என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

கோயம்புத்தூரில் சேர்த்தாயிற்று. காப்பீட்டில் அனுமதி வந்துவிட்டது. படிவத்தில், உடனிருப்பவர், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். எடை போடும்போதெல்லாம் இப்படி நின்றதில்லை. முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதிவிடுவேன்.

கோகிலவாணி வந்து என் கையிலிருந்து படிவத்தை வாங்கிக்கொண்டாள். மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் சம்மதப் பத்திரத்திலும் அவள்தான். இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கு உறவு கேட்கவில்லை. நான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். போகும்போது வசந்தாமணி சொன்னது: "அரைக் கிலோ வெந்தயம் டப்பால இருக்குது, எறும்பு வராமப் பாத்துக்கோங்."

கோகிலவாணியும் நானும் ஒரே பெஞ்சில் இருந்தோம். நடுவில் ஒரு பை. பதினோரு மணிக்கு அவள் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு கேன்டீன்ல ஒண்ணு சொன்னீங்க. நான் பேர எடுத்துக் குடுத்தாப் போதும், கல்யாணப் பேச்சயே விட்டுப்போடறேன், எதிர் வீட்டுக்காரனாவே இருந்துக்கறேன்னு" என்றாள்.

"ஆமாங் அம்மணி."

"நெசமாத்தான் சொன்னீங்களா?"

"நெசமாத்தான்."

"அதை நான் அம்மாகிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா ஒதச்சிருப்பாங்க உங்கள." சிரித்தாள். பிறகு அழுதாள். நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். பக்கத்திலேயே கடை இருந்தும் தூரத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

ஒன்றேமுக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். "யாரு வசந்தாமணி கூட வந்தவங்க?"

"நாங்கதான்" என்றாள் கோகிலவாணி.

நன்றாக முடிந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பேச்சு: "மாவு வாடிக்கையெல்லாம் யாரு பாக்கறா?" எட்டு பேருக்கு மட்டும் நான் அரைத்துக் கொடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

செப்டம்பர் 11, புதன்

வீடு. கோகிலவாணி இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு வந்து தங்கியிருக்கிறாள். தன் பழைய அலமாரியைத் திறந்து ஒழுங்குபடுத்தினாள். ஒரு பொருளையும் ஈரோட்டுக்கு எடுத்துப் போகவில்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அலமாரிச் சாவியைத் தன் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வால்வு சத்தம் போடுகிறது. மின்விசிறியை நிறுத்தினால் கேட்கலாம். சின்ன கைக்கடிகாரம் மாதிரி. வசந்தாமணிக்குக் கூச்சம். "பக்கத்துல ஒக்காந்தா எல்லாருக்கும் கேக்குமா?" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்றேன். உண்மையில் கோகிலவாணிக்கும் கேட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோகிலவாணி கிளம்பினாள். மாத்திரை அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லாமல் என்று தின்னக் கூடாது, எப்போதும் ஒரே அளவு. மாதம் ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. "நீங்களும் வாசிச்சு வெச்சுக்கோங்க சித்தப்பா" என்றாள்.

நான் வாசித்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி நன்றாகப் போனது. வசந்தாமணி மாடிப்படி ஏறி மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். நான் கீழே நின்று எண்ணினேன். பதினெட்டுப் படி. எங்கும் நிற்கவில்லை.

சாயும் கிரைண்டர் ஒன்று தவணையில் வாங்கியிருக்கிறோம். கல்லைத் தூக்க வேண்டாம். பத்துக் கிலோ மட்டும் அரைக்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

புது வருடம். டயர் கடைக்காரர் புது டைரி கொடுத்தார். இதிலேயே பின்பக்கம் நிறையத் தாள் இருப்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

இரவு வசந்தாமணி கேட்டார்: "ஏனுங், சிவன்மலைக்கு எப்பப் போறது?"

சிவன்மலையில்தான் தாலி கட்டுவதாகப் பேசியிருந்தோம். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றேன். கல்யாணம் பண்ணினால் என் சம்பளம் சேரும், அட்டைக்குத் தகுதி போய்விடும், அப்புறம் ஏதாவது என்றால் என்ன செய்வது என்று சொன்னேன். கணக்கும் எழுதி வைத்திருந்தேன். காட்டினேன்.

தாளை வாங்கிப் படித்தார். மடித்தார்.

"மாத்திரை கெவர்மெண்ட் ஆஸ்பத்திரில சும்மா குடுக்கறாங்க. ரத்தமும் அங்கயே பாக்கறாங்க. மத்தபடி நமக்குன்னு வந்தா வரட்டுமுங். ரெண்டு பேரு இருக்கறம், பாத்துக்கலாம். ஒரு வருசம் கழிச்சுக் கேட்டாலும் இன்னொரு வருசம்பீங்க. உங்களுக்குப் பயம் விட்டுப் போகலீங், எனக்குப் போயிருச்சு" என்றார்.

அது சரிதான். ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாளும் அதை இங்கே எழுதவில்லை. பயமாகத்தான் இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

தாலி கட்டினேன். சிவன்மலையில் நல்ல காற்று. கோகிலவாணியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். முதலாளி கூட வந்தார், மொய் கவரில் ஐயாயிரம் வைத்து, "சம்பளத்துல கொறச்சிரட்டுமா?" என்று கேட்டார். மலை உச்சிக்கு எல்லோரும் வண்டியில் போனோம். இறங்கும்போது வசந்தாமணி படியில்தான் இறங்குவேன் என்றார். படி முழுக்கக் கூடவே இறங்கினேன். எனக்குத்தான் முழங்கால் வலித்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் முடிந்தது. அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரே வி.ஏ.ஓ. அம்மணியைப் பார்க்கப் போனேன். கல்யாணம் ஆகிவிட்டது, என் பெயர் கார்டில் ஏறப்போகிறது, எங்கள் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, இதை எங்கே சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

அம்மணி சான்றிதழை முழுக்கப் படித்தார். "வருமானம் கம்மின்னு சொல்லத்தான் எல்லாரும் வருவாங்க. கூடிப் போச்சுன்னு சொல்ல வந்தது நீங்கதாங்க மொத ஆளு" என்றார். உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். படி இறங்கிய கதையைச் சொன்னேன்.

பிறகு ஒரு துண்டுத் தாளில் எண்ணினார். மாவு இப்போது பத்துக் கிலோ, மாதம் நாலாயிரத்து ஐநூறு, வருடத்துக்கு ஐம்பத்து நாலாயிரம். என் சம்பளம் ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம். கூட்டிக் கோடு போட்டு என் பக்கம் திருப்பினார். இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம். எத்தனையோ லாரிச் சரக்கின் எடையை எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூட்டுத்தொகையை இன்றுதான் பார்த்தேன். தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போது வசந்தாமணியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத்தனை வருசமா எதிரெதிர் ஊட்டுல ஒக்காந்துட்டு, தனித்தனியா ஏழையா இருந்திருக்கறம் பாருங்" என்றார்.

அதையே மறுபடி சொல்வதற்கு உடனே மகளுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.